பாவோ நூர்மி

பாவோ யோஹன்னெஸ் நூர்மி (ஜூன் 13, 1897 – அக்டோபர் 2, 1973) பின்லாந்து நாட்டைச் சேர்ந்த நெடுந்தொலைவு ஓட்ட வீரர் ஆவார். 1920, 1924, 1928 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளில் கலந்து கொண்டு 9 தங்கப் பதக்கங்களும் 3 வெள்ளிப் பதக்கங்களும் பெற்றார். தடகளத்தில் ஒருவர் பெற்ற ஒலிம்பிக் பதக்கங்களின் எண்ணிக்கையில் இந்த 12 என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை எவரும் கடக்கவில்லை. 1500 மீட்டர் முதல் 20 கிலோமீட்டர் வரையிலான தொலைவுகளில் 22 அதிகாரப்பூர்வ உலக சாதனைகளை நிகழ்த்தியவர். கையில் நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்தபடி, உடன் ஓடுபவர்களைப் பாராமல் கடிகாரத்தைப் பார்த்து ஓடியதற்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமை

நூர்மி பின்லாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள துர்க்கு நகரில், ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1903 ஆம் ஆண்டில் இவரது குடும்பம் நகரின் நடுப்பகுதியில் சுமார் 40 சதுர மீட்டர் பரப்புள்ள சிறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. உலகப் புகழ் பெற்ற பின்னரும் 1932 வரை நூர்மி அங்கேயே வாழ்ந்தார். பதினோரு வயதில் 1500 மீட்டர் தொலைவை 5 நிமிடம் 2 நொடிகளில் ஓடினார்.

1910 இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டில் தங்கை ஒருவரும் இறந்தார். வாடகைப் பணத்துக்காகக் குடும்பத்தினர் தங்கள் சமையலறையை வேறொரு குடும்பத்துக்கு விட்டுவிட்டு ஒற்றை அறையில் வாழ்ந்தனர். தாயார் வீடுகளைத் துப்புரவு செய்யும் வேலைக்குச் சென்றார். படிப்பில் கெட்டிக்காரராக இருந்த நூர்மி பள்ளியை விட்டு நின்று, ரொட்டி அடுமனை ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். சரக்கு ஏற்றிய கைவண்டியைத் துர்க்கு நகரின் செங்குத்தான தெருக்களில் தள்ளிக்கொண்டு ஏறுவது இவரது வேலை. தம் முதுகும் கால்களும் உறுதி பெற்றது இந்த வேலையால்தான் என்று இவர் பிற்காலத்தில் கருதினார்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பின்லாந்து வீரர் ஹான்னஸ் கோலேமைனன் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். தமக்கென ஒரு நாட்டுக் கொடி இல்லாத மக்களுக்கு அவ்வெற்றி வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. அப்போது பதினைந்து வயதான நூர்மி சில நாட்களிலேயே தமது முதல் ஓட்டக் காலணியை வாங்கினார். கோடையில் காடுகளிலும் மேடுகளிலும் ஓடினார். குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பயிற்சி செய்தார். சில ஆண்டுகள் இறைச்சி உண்பதையும் விட்டிருந்தார். 1914 இல் துர்க்கு விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்து, 3000 மீட்டரில் தம் முதல் வெற்றியைப் பெற்றார். 1917 இல் பின்லாந்து விடுதலை அடைந்து, 1918 இல் உள்நாட்டுப் போரில் சிக்கியது. அப்போரில் நூர்மி எந்தப் பக்கமும் சேரவில்லை.

இராணுவத்தில் பயிற்சி

1919 ஏப்ரலில் நூர்மி கட்டாய இராணுவச் சேவையில் சேர்ந்தார். இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் இவருக்கு இடம் கிடைத்தது. இங்குதான் இவர் தம் உடலின் எல்லை எது என்பதைத் திட்டமிட்டுத் தேடத் தொடங்கினார் எனலாம்.

படையினருக்கான நெடுநடைப் போட்டி ஒன்றில் மற்றவர்கள் நடந்து செல்ல, நூர்மி தோளில் துப்பாக்கியும் முதுகில் மணல் நிரப்பிய பையுமாக முழுத் தொலைவையும் ஓடியே முடித்தார். பாசறை வாழ்க்கையில் கிடைத்தவற்றைக் கொண்டு பயிற்சி முறைகளைத் தாமே உருவாக்கிக் கொண்டார். இரும்பு அடித்த கனமான இராணுவக் காலணிகளை அணிந்து ஓடிக் கால்களை வலுப்படுத்தினார். காலடியின் நீளத்தைக் கூட்டுவதற்காக, செல்லும் தொடர்வண்டியின் பின்புறத்தைப் பிடித்துக் கொண்டு அதன் வேகத்துக்கு ஈடாக ஓடினார். (இன்று ஓட்டப் பயிற்சியாளர்கள் வீரரை மீள்கயிற்றால் முன்னோக்கி இழுத்து ஓடச் செய்வதும் இதே நோக்கத்துக்காகவே. ஆயினும் தொடர்வண்டிக்குப் பின்னால் ஓடுவது எவரும் பின்பற்றக் கூடாத முறையாகும்.)

நூர்மி கட்டளைக்கு எளிதில் பணிபவர் அல்லர். இவரது பிடிவாதத்தால் கீழ்நிலை அதிகாரிகளுடன் உரசல்கள் ஏற்பட்டன. படைவீரர் உறுதிமொழியை எடுக்கவும் இவர் மறுத்தார். எனினும் படைப்பிரிவின் தளபதி ஹியூகோ ஆஸ்டர்மன் விளையாட்டில் மிகுந்த ஈடுபாடு கொண்டவராக இருந்ததால், நூர்மிக்கும் வேறு சில வீரர்களுக்கும் பயிற்சிக்கென ஓய்வு நேரம் ஒதுக்கப்பட்டது. 1920 ஆம் ஆண்டில் இவர் 3000 மீட்டரில் தம் முதல் தேசிய சாதனையை நிகழ்த்தி, அவ்வாண்டு ஒலிம்பிக் அணிக்கும் தேர்வு பெற்றார்.

சுமையும் கனமான காலணியும் நூர்மிக்குத் தாங்குதிறனைத் தந்தன; வேகத்தைத் தரவில்லை. சுமையுடன் நெடுநேரம் இயங்கும்போது இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகிறது, தசைகள் களைப்பைத் தாங்கப் பழகுகின்றன. ஆனால் விரைந்து ஓடுவதற்குத் தேவையான தசை நரம்பு ஒருங்கிணைவு, விரைந்து ஓடிப் பழகினாலன்றி வருவதில்லை. தமது தொடக்க காலப் பயிற்சி ஒருபக்கச் சார்பானது என்றும், அதில் மெதுவான நெடுந்தொலைவுப் பயிற்சி மிகுந்தும் விரைவோட்டம் குறைந்தும் இருந்தது என்றும் நூர்மியே பிற்பாடு மதிப்பிட்டார். இக்குறை 1920 இல் வெளிப்பட்டது.

ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக், 1920

5000 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நூர்மி முன்னிலையில் ஓடினார். கடைசிச் சுற்றில் பிரான்சின் ஜோசப் கியமோ இவரைக் கடந்து தங்கம் வென்றார். கியமோ முதல் உலகப் போரில் நச்சுப் புகையால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. மூன்று நாட்கள் கழித்து 10,000 மீட்டரில் நூர்மி முந்திய தவற்றைச் செய்யவில்லை. கடைசிச் சுற்று வரை காத்திருந்து கியமோவை முந்தினார். பின்னர் நாடுகுறுக்கு ஓட்டத்தில் தனிநபர், அணி ஆகிய இரண்டு தங்கங்களும் கிடைத்தன.

இவ்வெற்றிகளின் பயனாகத் துர்க்குவில் இருந்த தாயாரின் வீட்டுக்கு மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் வந்தன. நூர்மிக்கு ஹெல்சிங்கியில் உள்ள தொழிற்பள்ளியில் படிக்க உதவித்தொகை வழங்கப்பட்டது.

நிறுத்துக் கடிகாரமும் சீரான வேகமும்

கியமோவிடம் அடைந்த தோல்விக்குப் பின் நூர்மி தம் ஓட்டத்தைக் கணக்காக மாற்றினார். ஒரு தொலைவை எவ்வளவு நேரத்தில் கடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அதைச் சுற்றுகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வொரு சுற்றையும் கடிகாரத்தைக் கொண்டு சரிபார்த்தார். எதிராளி திடீரென வேகமெடுத்தாலும் இவர் பின்தொடர மாட்டார்.

இம்முறையின் பயனை உடலியங்கியல் விளக்குகிறது. தசைகளுக்கு வந்து சேரும் ஆக்சிஜனின் அளவுக்குள் ஓடும்வரை உடல் நெடுநேரம் தாங்கும். அந்த அளவை மீறி வேகமெடுத்தால், ஆக்சிஜன் இன்றி ஆற்றலை உண்டாக்கும் வழிக்கு உடல் மாறுகிறது. அதனால் தசைகளில் அமிலத்தன்மை கூடி, சுருங்கும் திறன் குறைகிறது. இடையில் வேகமெடுத்து ஓடியவர், அதனால் மிச்சப்படுத்திய நொடிகளைக் காட்டிலும் அதிக நொடிகளைப் பின்னர் இழக்க நேரிடும். நூர்மியின் காலத்தில் இவை ஆராயப்படத் தொடங்கியிருந்தன. இவர் ஆய்வகம் எதுவுமின்றிக் கடிகாரத்தைக் கொண்டே இதைக் கண்டுகொண்டார்.

1921 இல் 10,000 மீட்டர் தொலைவை 30 நிமிடம் 40.2 நொடிகளில் ஓடித் தம் முதல் உலக சாதனையைப் படைத்தார். 1922 இல் 2000, 3000, 5000 மீட்டர் சாதனைகளும், 1923 இல் 1500 மீட்டர், ஒரு மைல் சாதனைகளும் இவர் வசமாயின.

பின்லாந்தின் விளையாட்டுக் கல்வியாளர் லவுரி பிகாலாவின் கருத்துகளும் இவருக்கு உதவின. 1924 அளவில் இவரது ஒரு நாள் பயிற்சி பின்வருமாறு அமைந்திருந்தது: காலையில் 10 முதல் 12 கிலோமீட்டர் நடை, அதனிடையே சில விரைவோட்டங்கள். பிறகு ஓடுதளத்தில் 80 முதல் 120 மீட்டர் வரையிலான விரைவோட்டங்கள், கடிகாரம் வைத்து 400 முதல் 1000 மீட்டர் வரை ஒரு வேக ஓட்டம், அதைத் தொடர்ந்து 3 அல்லது 4 கிலோமீட்டர் சீரான ஓட்டம். இதில் கடைசிச் சுற்று எப்போதும் மிக வேகமானது. மாலையில் மீண்டும் 4 முதல் 7 கிலோமீட்டர் வரை காட்டுவழி ஓட்டம். மணல் பை சுமந்த காலத்துடன் ஒப்பிட்டால் மொத்த உழைப்பு குறையவில்லை; ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நோக்கம் இருந்தது.

பாரிஸ் ஒலிம்பிக், 1924

பாரிஸ் போட்டி அட்டவணையில் 1500 மீட்டர், 5000 மீட்டர் இறுதி ஓட்டங்கள் ஒரே நாளில் அமைந்திருந்தன. அவற்றுக்கிடையே முதலில் அரை மணி நேர இடைவெளியே விடப்பட்டிருந்தது. பின்லாந்து எதிர்ப்புத் தெரிவித்த பின் அது ஏறக்குறைய ஒரு மணி நேரமாக நீட்டிக்கப்பட்டது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் நூர்மி உறைந்த பாதையில் ஓடும்போது முழங்காலில் காயமுற்றிருந்தார். ஆகவே இரண்டிலும் பங்கேற்க இயலுமா என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை காண, ஜூன் 19 அன்று ஹெல்சிங்கியில் ஒரு சோதனை ஓட்டம் ஓடினார். 1500 மீட்டரை 3 நிமிடம் 52.6 நொடிகளிலும், சுமார் ஒரு மணி நேர ஓய்வுக்குப் பின் 5000 மீட்டரை 14 நிமிடம் 28.2 நொடிகளிலும் முடித்தார். இரண்டும் உலக சாதனைகளாக அமைந்தன.

ஜூலை 10 அன்று பாரிஸில் இதையே மீண்டும் செய்தார். 1500 மீட்டரில் தொடக்கத்திலேயே வேகமாக ஓடி மற்றவர்களைப் பிரித்துவிட்டு, கடிகாரத்தை ஒருமுறை பார்த்துப் புல்தரையில் எறிந்துவிட்டு, அடுத்த ஓட்டத்துக்காக ஆற்றலைச் சேமித்தபடியே 3 நிமிடம் 53.6 நொடிகளில் வென்றார். 5000 மீட்டரில் சக நாட்டவரான வில்லே ரிட்டோலாவும் ஸ்வீடனின் எட்வின் வீடேயும் இவரது களைப்பைப் பயன்படுத்த எண்ணி ஆரம்பம் முதலே வேகத்தைக் கூட்டினர். நூர்மி தம் கணக்கிலிருந்து விலகவில்லை. ரிட்டோலாவை 0.2 நொடி வேறுபாட்டில் முந்தினார்.

இரு நாட்களுக்குப் பின் நடந்த நாடுகுறுக்கு ஓட்டம் ஒலிம்பிக் வரலாற்றின் கடுமையான நிகழ்வுகளுள் ஒன்றாகும். வெப்பம் 40 பாகை செல்சியசுக்கும் மேல் இருந்தது. ஓடத் தொடங்கிய 38 பேரில் 15 பேர் மட்டுமே இலக்கை அடைந்தனர். அவர்களிலும் சிலர் தூக்குப் படுக்கையில் கொண்டு செல்லப்பட்டனர். அணித் தங்கத்துக்குப் பின்லாந்துக்கு மூன்றாவது வீரர் தேவைப்பட்டார். அந்த மூன்றாமவரான ஹெய்க்கி லீமட்டைனன் முடிவுக் கோட்டுக்கு அருகில் நினைவு தடுமாறி, எதிர்த்திசையில் திரும்பி, பின்னர் ஒருவாறு கோட்டைக் கடந்தார். நூர்மியோ ஏறத்தாழ ஒன்றரை நிமிட முன்னிலையில், பெரிய களைப்பின் அறிகுறி ஏதுமின்றி வந்து சேர்ந்திருந்தார். அதன் பின் நாடுகுறுக்கு ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. உடலை வருத்துவதற்கும் உடலை அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஓட்டத்தைப் போல வேறெதுவும் காட்டியதில்லை என்றே கூறலாம். மறுநாள் 3000 மீட்டர் அணி ஓட்டத்திலும் வென்று, நூர்மி தம் ஐந்தாவது தங்கத்தைப் பெற்றார்.

10,000 மீட்டர் ஓட்டத்தில் மட்டும் இவரது உடல்நலம் கருதிப் பின்லாந்து அதிகாரிகள் இவரைச் சேர்க்கவில்லை. ரிட்டோலா அதில் உலக சாதனையுடன் வென்றார். அதே நேரத்தில் நூர்மி பயிற்சித் தளத்தில் தனியாக ஓடி அதைவிடக் குறைந்த நேரத்தில் முடித்ததாக ஒரு கதை வழங்குகிறது. இதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் ஆகஸ்ட் 31 அன்று பின்லாந்தின் குவோப்பியோ நகரில் இவர் 30 நிமிடம் 6.2 நொடிகளில் ஓடி அச்சாதனையைத் தம்வசப்படுத்தினார். அது 1937 வரை நீடித்தது.

அமெரிக்கப் பயணம்

1925 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நூர்மி ஐக்கிய அமெரிக்காவில் ஐந்து மாதங்கள் பயணம் செய்து 55 போட்டிகளில் ஓடினார். அவற்றுள் ஒன்றில் தோற்றார். மற்றொன்றில் வயிற்றுக் கோளாறால் பாதியில் விலகினார். ஓய்வின்றி ஓடிய அந்த மாதங்கள் இவரது விரைவைக் குறைத்ததாகக் கருதப்படுகிறது. அளவுக்கு மீறிய செலவுத்தொகை பெற்றதாக எழுந்த பேச்சும் இப்பயணத்திலிருந்தே தொடங்குகிறது.

1928 மற்றும் அதன் பின்

ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் ரிட்டோலாவை வென்று ஒன்பதாவது தங்கத்தைப் பெற்றார். 5000 மீட்டரில் ரிட்டோலாவிடம் தோற்றார். அனுபவம் குறைந்த 3000 மீட்டர் தடையோட்டத்தின் தகுதிச் சுற்றில் நீர்க்குழியில் விழுந்து அடிபட்டார். அப்போது பிரெஞ்சு வீரர் லூசியன் துகேன் நின்று இவரை எழுப்பிவிட்டார். யாருக்காகவும் வேகத்தை மாற்றாத நூர்மி, அன்று எஞ்சிய தொலைவு முழுவதும் துகேனுக்கு முன்னோடியாக ஓடி, இறுதியில் வெற்றியை அவருக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தார். துகேன் அதை ஏற்கவில்லை. இறுதி ஓட்டத்தில் நூர்மிக்கு வெள்ளி கிடைத்தது.

அவ்வாண்டு அக்டோபரில் பெர்லினில் ஒரு மணி நேரத்தில் 19,210 மீட்டர் ஓடினார். 1931 இல் இரண்டு மைல் தொலைவை 8 நிமிடம் 59.6 நொடிகளில் முடித்து, 9 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரானார்.

தடை

நூர்மியின் கடைசி ஆசை 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் வெல்வதாகும். கோலேமைனன் 1920 இல் மாரத்தானில் வென்றதைப் போலத் தாமும் வெல்ல விரும்பினார். 1932 ஜூனில் வீப்புரி நகரில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 40.2 கிலோமீட்டரை 2 மணி 22 நிமிடம் 3.8 நொடிகளில் ஓடினார். இது முழு மாரத்தான் தொலைவைவிடச் சற்றுக் குறைவானது.

ஆனால் 1931 இல் ஜெர்மனியில் ஓடியதற்குப் பணம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் பன்னாட்டுத் தடகளச் சம்மேளனம் ஏப்ரலில் இவரை இடைநிறுத்தியது. விளையாட்டில் பணம் பெறாதவர்களே போட்டியிடலாம் என்பது அக்கால விதி. செல்வர்களுக்கு அவ்விதி ஒரு பொருட்டில்லை. எடுபிடி வேலையில் தொடங்கிய ஒருவருக்கு அவ்வாறு இருந்திருக்க முடியாது. அதே வேளையில் நூர்மி பணம் பெறவில்லை என்று உறுதியாகக் கூறுவதற்கும் இல்லை. பின்லாந்து குற்றச்சாட்டை ஏற்கவில்லை; நூர்மி கப்பலேறி லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். மாரத்தானில் ஓடவிருந்த வீரர்களுள் பெரும்பாலானோர் இவரை அனுமதிக்குமாறு மனு அளித்தனர். போட்டிகள் தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில் தடை உறுதி செய்யப்பட்டது. நூர்மி பார்வையாளர் இடத்தில் அமர்ந்திருக்க, அர்ஜென்டினாவின் குவான் கார்லோஸ் சபாலா வென்றார்.

சம்மேளனத்தின் அன்றைய தலைவர் சிக்ஃபிரிட் எட்ஸ்ட்ரோம் ஸ்வீடன் நாட்டவர் என்பதால், இவ்விவகாரம் இரு நாடுகளின் தடகள உறவையே பல ஆண்டுகள் முறித்தது. தாய்நாட்டில் மட்டும் ஓட அனுமதி பெற்ற நூர்மி, 1933 இல் 36 வயதில் 1500 மீட்டர் தேசியப் பட்டத்தை வென்றார். 1934 செப்டம்பர் 16 அன்று வீப்புரியில் தம் கடைசிப் போட்டியில் ஓடி வென்று ஓய்வு பெற்றார்.

பிற்கால வாழ்க்கை

1932 இல் திருமணம் செய்து கொண்ட நூர்மிக்கு ஒரு மகன் பிறந்தார். அத்திருமணம் 1935 இல் முறிந்தது. 1936 இல் ஹெல்சிங்கியில் ஆண்களுக்கான ஆடையகம் ஒன்றைத் திறந்தார். அடுக்குமாடி வீடுகள் கட்டும் தொழிலிலும் ஈடுபட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பின்லாந்தின் நெடுந்தொலைவு வீரர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தார். 10,000 மீட்டரில் மூன்று பதக்கங்களையும் அவர்கள் பெற்றனர்.

1939 இல் சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியபோது, 1940 இன் தொடக்கத்தில் நூர்மியும் இளம் சாதனையாளர் தைஸ்தோ மாக்கியும் அமெரிக்கா சென்று நாட்டுக்காக நிதி திரட்டினர். 1952 ஜூலை 19 அன்று ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடக்க விழாவில் சுடரை ஏந்தி விளையாட்டரங்கினுள் ஓடி வந்தவர் 55 வயது நூர்மியே. அறிவிப்புப் பலகையில் இவர் பெயர் தோன்றியதும், அணிவகுத்து நின்ற வீரர்கள் வரிசையைக் கலைத்துக் கொண்டு இவரைக் காண ஓடுதள ஓரத்துக்கு ஓடினர். இருபது ஆண்டுகளுக்கு முன் இவரைத் தடை செய்த எட்ஸ்ட்ரோம் அப்போது பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக அவ்விழாவில் இருந்தார்.

இறுதி ஆண்டுகளில் இதய நோயும் பக்கவாதமும் நூர்மியை முடக்கின. விளையாட்டுப் புகழை அறிவியலுடனும் கலையுடனும் ஒப்பிட்டு அதைச் சிறிதாகவே மதிப்பிட்டார். 1968 இல் இதய நோய் ஆராய்ச்சிக்காகத் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1973 அக்டோபர் 2 அன்று ஹெல்சிங்கியில் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. உடல் துர்க்குவில் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

சிற்பி வைனோ ஆல்தோனன் 1925 இல் நூர்மி ஓடும் நிலையில் ஒரு வெண்கலச் சிலையை உருவாக்கினார். அதன் படிகள் ஹெல்சிங்கி ஒலிம்பிக் அரங்கின் முன்பும், துர்க்குவிலும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் உள்ளன. 1939 இல் துர்க்குவில் வானியலாளர் ஈர்யோ வைசாலா கண்டறிந்த சிறுகோளுக்கு 1740 பாவோ நூர்மி என்று பெயரிடப்பட்டது. 1980களில் வெளியிடப்பட்ட பின்லாந்தின் 10 மார்க்கா பணத்தாளிலும் இவர் உருவம் இடம்பெற்றது. 1628 இல் மூழ்கிய வாசா என்னும் ஸ்வீடன் போர்க்கப்பல் 1961 இல் ஸ்டாக்ஹோம் அருகே கடலிலிருந்து தூக்கப்பட்டபோது, அதன் தளத்தில் நூர்மி சிலையின் சிறிய படி ஒன்று கிடைத்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் முந்திய நாட்களில் அதைக் கப்பலில் வைத்திருந்தனர்.